மாப்பிள்ளைச் சவரம்

பாந்தேலேவுக்கு மீசைதான் அழகு. தாடி சரிப்பட்டு வராது. ஒரு கன்னத்தில் அடர்ந்தும் மறு கன்னத்தில் திட்டுத் திட்டாகவும் நின்ற அந்தத் தாடியைப் பார்த்துச் சிரிக்க ஊரில் யாருக்கும் மனசு வரவில்லை. அவருடைய ஒரே மகன் லிசாண்ட்ரு, அப்பாவின் வாத்தியச் செட்டில் பிடில் வாசித்தவன், கல்யாணம் ஆகாத பிள்ளை, தார்ச்சாலையில் லாரி மோதிச் செத்துப்போயிருந்தான். சாவு விழுந்த வீட்டு ஆண் நாற்பதாம் நாள் படையல் வரை முகத்தில் கத்தி வைப்பதில்லை. வீட்டுக் கண்ணாடியையும் மூடிவிட வேண்டும். அதன்மேல் அவர் மனைவி ஸம்ஃபிரா தன் கறுப்பு முக்காடு ஒன்றைப் போட்டிருந்தாள்.

டான்யூப் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு அவர் தாளத்தில்தான் கல்யாணம் நடந்திருக்கிறது. கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சிகளால் தட்டும் கம்பிப் பெட்டி, சம்பால், அவருடைய வாத்தியம். நடக்கப் பழகியபோதே குச்சி பிடித்தவர் என்பார்கள். இப்படி ஒரு மனிதனுக்கு ஊரார் சந்தோஷம்தான் பிழைப்பு. தன் வீட்டில் இழவு விழுந்தால் அவன் எங்கே போவான்?

நாற்பது முடிவதற்குள் கொஸ்தேலின் கல்யாணம் வந்து நின்றது. அதற்கு வாசிக்க ஒப்புக்கொண்டதே லிசாண்ட்ருதான். மாப்பிள்ளை அவனுடைய உயிர்த் தோழன்.

"போயே ஆகணுமா யோவ்?" என்றாள் ஸம்ஃபிரா.

"நான் போகலைன்னா செட்டு நொண்டும். நம்மகிட்ட மத்தளமா இருக்கு? தாளமே என் குச்சிலதான். மத்த மூணு பேர் வீட்லயும் அடுப்பு எரியணுமில்ல?"

"போ. எம்புள்ள மண்ணுக்குள்ள கெடக்கட்டும், நீ ஊரான் ஆட்டத்துக்குத் தட்டு. ஆனா ஒண்ணு. அந்தத் தாடி அவனுக்காக விட்டது. அதுல கத்தி பட்டுச்சுன்னா இந்த வேலிப் படலத் தாண்டி உள்ள வராத."

"படாதுடி," என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயிலுக்குப் புறப்படும் முன், மாப்பிள்ளையை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தோழர்கள் சவரம் செய்வார்கள். செட்டு சுற்றி நின்று சவரப் பாட்டு வாசிக்கும். கொஸ்தேல் முகத்தில் நுரை பூசியாயிற்று. சாராயக் குடுவையோடு வெளியே வந்த அவன் அம்மா வேத்தாவின் கண்ணில் பாந்தேலே பட்டார்.

"ஐயையோ! எழவு வீட்டுத் தாடியோடயா எம்புள்ள சவரத்துக்கு வாசிக்க வந்த? மருமக கண்ணுல மொதமொதல்ல இது பட்டா வெளங்குமா?"

செட்டின் பெரிய பிடில்காரன் கீட்சா வாய்த் துடுக்கு அதிகம் உள்ளவன். "அக்கா, வாசிக்கிறது கையா, தாடியா? வேணும்னா முதுகக் காட்டி நிக்கச் சொல்றேன்."

சிலர் சிரித்தார்கள். வேத்தா சிரிக்கவில்லை. "மழிச்சிட்டு நிக்கட்டும். இல்லன்னா செட்டோட கெளம்பட்டும். கேசட்டப் போட்டு ஆடிக்கிறோம்."

அவளையும் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் ஒரே பிள்ளை. கீட்சா தரையைப் பார்த்தான். செட்டில் யாரும் பாந்தேலேயை மழிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை. கிளம்பிவிடலாம் என்று பெட்டியின் கழுத்து வாரைக் கழற்றினார்.

நுரை முகத்தோடு கொஸ்தேல் எழுந்துவிட்டான். "மாமா, இன்னிக்கு எனக்குக் கத்தி பிடிக்கிறதா இருந்தவன் லிசாண்ட்ரு. அவனும் இல்ல, நீங்களும் போயிட்டா எப்படி? ஒக்காருங்க. நானே பண்ணிவிடுறேன்."

பாந்தேலே உட்கார்ந்துவிட்டார். மூன்று வீட்டு அடுப்புக்காக என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மைதான். அந்த நாற்காலியில் தன் மகன் உட்காரும் நாளுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தார்! கத்தி கன்னத்தில் பட்டதும், கீட்சா என்ன நினைத்தானோ, சவரப் பாட்டை எடுத்துவிட்டான். லிசாண்ட்ருவின் இடத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்த புது பிடில்காரனும் அக்கார்டியன்காரனும் சேர்ந்துகொண்டார்கள். தாளம் மட்டும் இல்லை. தாளக்காரர் நாற்காலியில் அழுதுகொண்டிருந்தார். கொஸ்தேலுக்கும் கண்ணீர் மறைத்தது. தாடியோடு மீசையும் போய்விட்டது, அவர் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாளும் எடுக்காத மீசை.

நுரையைத் துடைத்த கொஸ்தேல், "மாமா..." என்று தொடங்கி அப்படியே பின்வாங்கினான். ஒரு பெண் கண்ணாடியை நீட்டினாள். "துக்கக்காரன் பாக்கக் கூடாதும்மா," என்று பாந்தேலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒன்றையாவது காப்பாற்றினோம் என்று நினைத்தார். அன்று முழுக்கத் தட்டினார். அவரைப் பார்த்தவர்களெல்லாம் சட்டென்று வேறு பக்கம் திரும்பினார்கள். தான் செய்த காரியத்தைக் கண்டுதான் முகம் சுளிக்கிறார்கள் என்று கூனிக் குறுகிப்போனார்.

மறுநாள் காலை வீடு திரும்பும் வழியெல்லாம் சமாதானம் தேடிக்கொண்டே வந்தார். ஸம்ஃபிரா படலருகில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். காலடி கேட்டு, திட்டுவதற்கு வாயைத் திறந்தபடியே நிமிர்ந்தாள். தீனித் தட்டு கீழே விழுந்தது.

கிட்டே வந்து அவர் தாடையைத் தொட்டாள். "லிசாண்ட்ரு," என்றாள்.

அதே தாடை. மேலுதட்டில் அதே பள்ளம். நேற்று எல்லோரும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் பாந்தேலேவுக்கு விளங்கியது. அவள் கையைச் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள்.

"திட்டுடி," என்றார். "ரெண்டு அடி வேணும்னாலும் அடிச்சிரு."

அவள் திட்டவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. "கண்ணாடிக்கு முக்காட்டப் போட்டேன். இந்த மொகத்துக்கு எதய்யா போடுவேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

படல் திறந்துதான் கிடந்தது. பாந்தேலே தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு வெளியிலேயே உட்கார்ந்தார்.