என் பாவு பாவமாகிப் போன வாரம்

போன வருஷம் வைகாசி மாதம். கருட சேவைக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்து, காஞ்சிபுரம் மறுபடி எங்கள் ஊராக ஆன வாரம். அந்த வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். இதை எழுதி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. மருமகள் எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் வீட்டில் கீழே இரண்டு தறி. நானும் மகனும் நெய்கிறோம். மருமகள் வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். தை மாதம் ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி குடிவந்தார்கள். பனி கொட்டுகிற தேசமாம். கிறிஸ்தவ மிஷன் வேலையாக வந்தவர்கள். கண் தெரியாத பிள்ளைகள் இருக்கிற ஒரு இல்லத்தில் பொழுதெல்லாம் உழைத்துவிட்டு வருவார்கள். நல்ல ஜனங்கள்தான், அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப் போகும். அந்தப் புருஷன் தண்ணீர்க் கேன் எடுத்து வந்தால் எங்களுடையதையும் சேர்த்துத் தூக்கி வருவார்.

அந்தப் பெண் தினமும் காலையில் என் தறிப் பக்கம் வந்து நின்று தமிழ் பேசிப் பழகுவாள். எல்லாம் புத்தகத் தமிழ். "அம்மா, நீங்கள் நலமாக உறங்கினீர்களா?" என்பாள். எனக்குச் சிரிப்பு முட்டும். அடக்கிக்கொண்டு, "உறங்கினேம்மா, நீ உறங்கினியா?" என்பேன்.

அந்த வாரம் எங்களுக்குப் புதுப் பாவு ஏற்றுகிற வாரம். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகள். பழைய பாவு முடிகிற இடத்தில் புதுப் பாவை இழை இழையாகக் கையால் பிணைக்க வேண்டும். எங்களுக்குப் பிணைத்துத் தருகிறவர் தாமலிலிருந்து வருவார். அந்த வாரம் பார்த்து ஆளைக் காணோம். வந்த பாவும் ஒழுங்காக இல்லை. ஒரு பக்கம் சிக்கு, ஒரு பக்கம் அறுந்துகொண்டே இருக்கிறது. வீடு முழுக்க அதே பேச்சு.

இந்தப் பெண் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நான் வேறு என்னத்தைச் சொல்வேன்? "பாவு ரொம்ப நீளம்மா, சிக்கிக்கினு இருக்குது, பிணைக்கிறவரு வருவாரு வருவாருன்னு பார்த்துக்கினு இருக்கறேன்" என்பேன். அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுப்பாள். நெசவுமேல் இவளுக்கு இவ்வளவு கரிசனமா என்று நான் பூரித்துப் போனேன்.

ஒரு நாள் படம் எடுக்கவா என்று கேட்டாள். "இரு, நல்ல சேலை கட்டிக்கினு வரேன்" என்றேன். இப்படியே அழகாக இருக்கிறீர்கள் என்று சொல்லி, தறியில் உட்கார்ந்த கோலத்திலேயே, வெளுத்துப்போன கைத்தறிச் சேலையில் எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் ஒரே வாந்தி. புருஷன் இல்லத்துக்குப் போய்விட்டார். நான் மோர் கரைத்துக் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டேன். பாவம், அம்மா அப்பா பக்கத்தில் இல்லை, ஒரு பிள்ளை குட்டி இல்லை, இப்படி வந்து கிடக்கிறதே என்று எனக்குத் தாங்கவில்லை. "பாவம்மா, பாவம்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே கண் கலங்கிவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை. கோவிலுக்குப் போய், மாமரத்தில் அவளுக்காக ஒரு தொட்டில் கட்டினேன். குழந்தை வரம் வேண்டிக் கட்டுகிற சின்னத் துணித் தொட்டில். அவளிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். அவளிடம் சொன்னால் தெருவிடம் சொன்ன மாதிரி.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் அச்சடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். மாதம் ஒரு தடவை தங்கள் ஊர்ச் சபையாருக்கு எழுதுகிற கடிதமாம். இந்தத் தடவை ஒரு வாரத்தில் நாள்தோறும் நடந்ததை எழுதியிருக்கிறார்களாம். "உங்களைப் பற்றி அன்பாக எழுதியிருக்கிறேன், அம்மா" என்றாள். பார்த்தால் நடுவில் பெரிதாக என் படம். பக்கம் முழுக்க இங்கிலீஷ்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கோடை லீவிலும் பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ், மருமகள் வர சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் சும்மா இருந்தேனா? எதிர்வீட்டுக்காரிக்குக் காட்டினேன். பூக்காரிக்குக் காட்டினேன். ஜரிகை கொண்டுவருகிற பாய்க்குக்கூடக் காட்டினேன். "கடல் தாண்டிப் போயிட்டீங்களே ஆயா" என்றார் அவர். மாமியார் போட்ட நகையோடு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளில்கூட நான் அப்படி நிமிர்ந்து நடந்ததில்லை.

சாயங்காலம் மருமகள் வந்தாள். எதிர்வீட்டுக்காரியும் கேட்க வந்து உட்கார்ந்துகொண்டாள். மருமகள் தாளை வாங்கி மனசுக்குள் படித்தாள். படித்துவிட்டு, "அப்புறமா படிக்கலாம் அத்தே" என்றாள்.

"இன்னா அப்புறம்? படி."

அவள் தமிழாக்கிப் படித்ததை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

திங்கட்கிழமை: கீழ்வீட்டு அம்மா காலையிலேயே தன் பாவத்தைப் பற்றிப் பேசினார். அது மிக நீளமானது என்றார். செவ்வாய்க்கிழமை: தன் பாவம் சிக்கலாகிவிட்டதாகச் சொல்லி வருந்தினார். அந்த வீட்டில் எல்லோரும் பாவத்தைப் பற்றியே பேசுகிறார்கள். புதன்கிழமை: தன் பாவத்தைச் சரிசெய்ய ஒருவர் வருவார் என்று காத்திருக்கிறார். அவர் யார் என்று இந்த அம்மாவுக்குத் தெரியவில்லை, நமக்குத் தெரியும். வியாழக்கிழமை: என்னைத் தடவிக்கொடுத்தபடி, பாவம் பாவம் என்று தன்னையே நொந்து கண்ணீர் விட்டார். படத்துக்கு அடியில்: எழுதப் படிக்கத் தெரியாத ஏழை விதவை, இவருக்காக ஜெபியுங்கள்.

எதிர்வீட்டுக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. "ஏன்க்கா, தாமல்காரர்தான் உன் பாவத்தைச் சரி பண்ண வராருன்னு எங்களுக்குச் சொல்லவே இல்லியே" என்றாள்.

மறுநாள் காலையில் பூக்காரி, "ஆயா, உன் பாவம் சிக்கு எடுத்தாச்சா?" என்றாள். யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

எனக்கு வந்த கோபம் சாமி மேல் இல்லை. அவர்கள் சாமி அவர்களுக்கு, என் சிவன் எனக்கு. ஜெபம் செய்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்துபோவதில்லை. ஏழை என்று எழுதினாளே, அதுதான். என் வீட்டு மாடியில் இருந்துகொண்டு, என் மோரைக் குடித்துவிட்டு, என்னை ஏழை என்று எழுதுவதா? எழுதப் படிக்கத் தெரியாதவளா? நெசவாளர் சங்கத்தில் எல்லோரும் கட்டைவிரலை மையில் தோய்த்த காலத்தில் நான் பேனா கொடு என்று கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டவள். யாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டும்படி நான் வாழ்ந்ததில்லை, புருஷன் போன அன்றைக்குக்கூட. இப்போது முகம் தெரியாத ஒரு ஊரே உட்கார்ந்து உச்சுக் கொட்டுகிறது.

முழங்கால் வலியில் இரண்டு வருஷமாக நான் மாடி ஏறினதில்லை. அன்றைக்கு ஏறினேன். அவள் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்து, அந்தக் கையைத் தறிமேல் வைத்தேன்.

"இது இன்னா சொல்லு?"

"நூல், அம்மா."

"இது பாவு. பா-வு. இதுதான் நீளம். இதுதான் சிக்கிச்சு. இதுதான் அறுந்துச்சு. பிணைக்கிறவரு இதைப் பிணைக்க வருவாரு. அவருக்கு மூட்டுவலி, அதான் வரல. என் பாவத்தை நான் எந்தக் காலத்திலும் உன்கிட்ட சொல்லல, சொல்லவும் மாட்டேன்."

அவள் முகம் குங்குமமாகச் சிவந்தது. அவள் புருஷன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெதுவாக, "ஆனால் வியாழக்கிழமை பாவம் என்றுதானே சொன்னீர்கள்? நான் நன்றாகக் கேட்டேன்" என்றாள்.

"அது என்னை இல்ல. உன்னைப் பார்த்துச் சொன்னேன். நீ பாவம்."

"நானா? நான் என்ன செய்தேன்?"

"ஒண்ணும் செய்யல. உன் நிலைமையைப் பார்த்துப் பரிதாபப்பட்டா நாங்க அப்படித்தான் சொல்லுவோம். குழந்தை குட்டி இல்லாம இங்க வந்து கிடக்கிறியே. நான்கூட உனக்காகத் தொட்டில் கட்டிட்டு வந்திருக்கறேன்."

தொட்டில் என்றால் அவளுக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள்தான் இங்கிலீஷில் விளக்கினாள். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் மாறியது. சிவப்புப் போய், உதடு இறுகி, தாடை நிமிர்ந்தது.

"அம்மா, எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு இருபது வயது, கல்லூரியில் படிக்கிறாள். எனக்கு நாற்பத்தாறு வயது. இந்த ஊருக்கு நான் விரும்பி வந்தேன். என்னைப் பார்த்து நீங்கள் ஏன் இரக்கப்பட வேண்டும்? என்னிடம் கேட்டீர்களா?"

நாற்பத்தாறா! முப்பத்தைந்து என்று நினைத்திருந்தேன். வெள்ளைத் தோலில் வயசு எங்கே தெரிகிறது? நான் பாவைத் தடவிக்கொண்டு நின்றேன். அந்தத் தாடை நிமிர்ந்த விதம் இருக்கிறதே, அது எனக்குத் தெரிந்த கோபம். காலையில் மாடிப்படி ஏறும்போது நான் சுமந்துகொண்டு போன அதே கோபம். அவள் காகிதத்தில் எழுதினாள், நான் தெருவில் சொன்னேன். அவ்வளவுதானே வித்தியாசம்?

அதற்காக நான் விட்டுக்கொடுத்துவிடவில்லை. "நான் சொன்னதைத் தெருவில மாத்திச் சொல்லிடறேன். நீ எழுதினதை நீ மாத்தி எழுது" என்றேன். அடுத்த மாதக் கடிதத்தில் எழுதுகிறோம் என்றார் புருஷன்.

"தம்பி, பாவு இழை அறுந்தா அப்பவே முடிச்சுப் போடணும். அடுத்த மாசம் வரைக்கும் உட்டா சேலையில பள்ளம் விழும்" என்றேன்.

அன்று சாயங்காலமே அவள் தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல மருமகள் இங்கிலீஷில் சொன்னாள், அவள் எழுதினாள். நான் ஏழை இல்லை. வீடு என்னுடையது, இவர்கள் என் மாடியில் குடியிருக்கிறார்கள். பாவு வேறு, பாவம் வேறு. இந்தப் பெண் வாந்தி எடுத்தபோது நான் அவளைப் பார்த்துத்தான் பாவம் என்றேன், அதுவும் தப்பு, அவள் பாவம் இல்லை. இதுதான் விஷயம். கடைசி வரியை எழுதும்போது அவள் சிரித்துவிட்டாள். அடியில் நானே தமிழில் என் பெயரை எழுதினேன். ஒரு புள்ளி மட்டும் தள்ளி விழுந்தது. பரவாயில்லை, அப்படியே அனுப்பு என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை தொட்டிலை அவிழ்க்கக் கோவிலுக்குப் போனேன். மரத்தைச் சுற்றி எத்தனையோ தொட்டில்கள். எல்லாம் ஒரே மஞ்சள் துணி. எதை நான் கட்டினேன் என்று தெரியவில்லை. இன்னொருத்தியுடையதை அவிழ்த்துவிட்டால்? "தெரியாம கேட்டுட்டேன்பா, கணக்குல எடுத்துக்காதே" என்று சாமியிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பனி கொட்டுகிற அந்த ஊரில் இரண்டாவது கடிதத்தைப் படிக்காத யாரோ ஒருத்தி என் படத்தைப் பார்த்து இன்னமும் எனக்காக இரங்கிக்கொண்டிருப்பாள். நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் யாரையாவது பார்த்து "பாவம்" என்று என் வாயில் வரும்போதெல்லாம், மரத்தில் எங்கேயோ ஆடிக்கொண்டிருக்கிற அந்தத் தொட்டில் ஞாபகம் வந்து, முதலில் அவர்களைக் கேட்போம் என்று நாக்கை மடக்கிக்கொள்கிறேன்.