புத்துசாமி

ராஜமேரிக்குக் கம்ப்யூட்டர் என்றால் பீடத்துக்குச் சமம். சிலுவை போடாமல் அதன் சுவிட்சைத் தொடமாட்டாள். 1988-இல் தருமபுரியில் எங்கள் தொண்டு அலுவலகத்துக்கு அந்தப் பெட்டி வந்தது. அதற்காகப் போட்ட குளிரூட்டியில் ஒரு பல்லி விறைத்து விழுந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் போகட்டும்.

பெட்டியின் வேலை இதுதான். புற்றுநோய்க்காரர் பெயரைப் பதிந்து வைத்தால், மெட்ராஸில் யார் தங்க இடம் தருவார், யார் சோறு போடுவார், யார் துணைக்கு வருவார் என்று பொருத்திக் காட்டும். பாப்பாரப்பட்டி விவசாயி மகளான ராஜமேரிதான் அதைத் தட்டுவாள். அடுத்த மேசையில் தபால் பார்த்தவள் நான்.

சித்தேரி மலையிலிருந்து நாகன் என்பவர் வந்து, கன்னத்தில் துண்டை அழுத்தியபடி தானே பெயரைச் சொல்லிப் பதிந்துவிட்டுப் போனார். வாயில் புற்று. மெட்ராஸில் அவருக்கு ஓர் அறை கிடைத்தது. பத்தாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அறை அடுத்தவருக்கு. கடிதம் போட்டோம், மலைக்குப் போய்ச் சேரவில்லை.

ஐந்தாம் தேதி அவர் மனைவி சின்னக்கா தனியாக வந்தார்.

"அவருக்குப் பேச்சு நின்னு போச்சுங்க. எடம் கெடச்சுதான்னு பாத்துச் சொல்லுங்க."

"வூட்டுக்காரர் பேரு என்னங்கக்கா?"

சின்னக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "புத்துல இருக்கற சாமி பேருங்க."

"புத்துன்னு தெரியும்க்கா. நோவைக் கேக்கல, பேரைக் கேக்கறேன்."

"அதத்தானுங்க சொல்றேன். புத்து சாமி."

"புத்துசாமியா! பேரைப் பாருடி" என்று ராஜமேரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை ஆங்கில எழுத்தில் தட்டினாள். அப்படி யாரும் இல்லை என்றது பெட்டி.

ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடியிருக்கலாம். சித்தேரியிலிருந்து பதிந்தவர் ஒருவர்தான். ஆனால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

"பேரே ஏறலீங்கக்கா."

"ஏறலீங்களா?" என்று பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

பதினான்காம் தேதி ஊருக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் ராஜமேரி. சாலையோர வேம்படியில் ஒருத்தி புற்றுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நாகப்பா, எம்புள்ளயக் காப்பாத்துப்பா!"

"நாகன்!" என்று கத்தியபடி எழுந்தாள் ராஜமேரி.

"யாரும்மா நாகன்? எறங்கோணுமா?" என்றார் கண்டக்டர்.

அறை கைமாறியிருந்தது. அடுத்த அறைக்கு இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். மறுநாளே அரூர் போய் மலையேறி, அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு வந்தாள். நாகன் கையெடுத்துக் கும்பிட்டாராம். இரண்டு மாதம் அவர் பொறுக்கவில்லை. நாற்பதாம் நாள் போய்விட்டார்.

செய்தி சொல்லச் சின்னக்காவே வந்தார். ராஜமேரி அவர் கையைப் பிடித்து அழுதாள்.

"நான்தான்க்கா கொன்னுட்டேன். ஊரையாவது கேட்டிருக்கோணும்."

"உங்க மேல குத்தமில்லீங்க. அவுருக்கு வாயில நோவு. எனக்கு என்னங்க நோவு? நல்லா இருந்த வாயி, ஒரு பேரைச் சொல்லலியே."

அதன்பிறகு எந்தப் பெண் வந்தாலும் ராஜமேரி பெயரைக் கேட்டதில்லை. ஊரைக் கேட்டுத் தட்டி, திரையில் வரும் பெயர்களை ஒவ்வொன்றாகத் தானே படிப்பாள். வந்த பெண் தலையாட்டும் வரை படிப்பாள். நாகன் என்ற பெயரை மட்டும் அழிக்கவில்லை. சித்தேரி என்று தட்டும்போதெல்லாம் அதுதான் முதலில் வந்து நின்றது.