மல்லிகா தேர்ந்தெடுத்த தச்சுப் பத்திரிகை

வாங்கிய பத்திரிகையைக் கடையில் திருப்பிக் கொடுத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அதுவும் போன மாதம், பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், நாலு பேர் பார்க்க!

பத்திரிகையில் ஒரு குறையும் இல்லை. தச்சு வேலையும் வீட்டுத் திருத்த வேலையும் சொல்லித் தரும் வெளிநாட்டுப் பத்திரிகை. வழவழப்பான காகிதம். அட்டையில் தேன் நிறத்தில் மின்னும் ஒரு சமையலறை. ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டு போனேன். என் மனைவி மல்லிகா இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டாள்.

"என்னங்க, இதுல சொல்ற மெஷின்ல ஒண்ணாவது நம்மகிட்ட இருக்கா?"

எங்களிடம் இருந்தது ஒரு சுத்தியல். அதையும் தேங்காய் உடைக்கத்தான் வைத்திருந்தோம்.

மல்லிகா, ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்த டீச்சர். போன வருட மழையில் பாடசாலைக்கு ஏறும் படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. உயிர் தப்பியது. கால்கள் எழவில்லை. சக ஆசிரியர்கள் சேர்ந்து சக்கர நாற்காலி வாங்கித் தந்தார்கள்.

நாற்காலி வந்துவிட்டது. ஆனால் வீடு மாறவில்லையே! சமையலறையின் சிமெந்து மேடை அவள் தாடைக்கு நேராக நின்றது. வாசலில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு, "உப்பு போட்டீங்களா... அடுப்பக் குறைங்க..." என்று சொல்லுவாள். அவள் சொல்படி நான் ஆடுவேன்.

ஒரு நாள் பருப்பைத் தீய்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் பண்டாரவளைக்கே போயிடுறேங்க. அண்ணன் வீட்டுல இருந்துக்கிறேன்."

"ஏன்? இங்க என்ன குறை?"

"அங்க நான் விருந்தாளி. சும்மா உட்கார்ந்திருக்கலாம். இங்க... என் வீட்டுலயே விருந்தாளியா இருக்க எனக்கு முடியல."

அண்ணனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்கு வேனோடு வருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

உட்கார்ந்தபடி சமைக்க ஒரு மேசை இருந்தால் இவள் போகமாட்டாள் – அது மட்டும் எனக்குப் புரிந்தது. தச்சு வேலை செய்கிற இரண்டு பாஸ்மாரைக் கூட்டி வந்தேன். முதல் பாஸ், "டீச்சருக்கு எதுக்குங்க இந்தக் கரச்சல்? சமைக்க ஒரு ஆள வச்சிருங்க" என்றார். இரண்டாமவர் அளவெல்லாம் எடுத்தார். அளவு எடுத்தவர் எடுத்தவர்தான்... இன்னும் வரவில்லை.

சரி, நாமே செய்வோம் என்று துணிந்துதான் அந்தப் பளபளப்புப் பத்திரிகையை வாங்கினேன்.

மறுநாள் மல்லிகாவையும் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு, அதை மாற்ற வாங்கிய கடைக்கே போனேன். பழைய பத்திரிகைக் கடை நசீர் நானா நல்ல மனிதர். அவள் இறங்க முடியாது என்று கண்டதும் கட்டுக் கட்டாகத் தூக்கி வந்து அவள் மடியில் வைத்தார்.

எனக்கு ஒவ்வொரு அட்டையும் பிடித்தது. அவளோ அட்டையைப் பார்க்கவே இல்லை. என்னென்ன கருவி வேண்டும் என்று போட்டிருக்கும் பகுதியை முதலில் தேடினாள். மின்சார வாள் என்று இருந்தால் தள்ளி வைத்தாள். கடைசியில் ஒன்றை எடுத்தாள். அதற்கு அட்டையே இல்லை. கறுப்பு வெள்ளைப் படங்கள். ஓரமெல்லாம் பூச்சி தின்றிருந்தது.

"இதுதாங்க."

"இதா? ஏன்?"

"மத்தது எல்லாம் எப்படிச் செய்யிறதுன்னு சொல்லுது. இதுல மட்டுந்தான், பிழையாப் போனா என்ன செய்யிறதுன்னு ஒரு பக்கம் இருக்கு. நீங்க செய்யப் போறீங்க... அந்தப் பக்கம் கட்டாயம் வேணும்!"

த்ரீவீலர்காரர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

"டீச்சர், அட்டையும் இல்லாத புக்குக்கு நான் என்னத்த வெல சொல்ற? மத்ததத் தந்துட்டு இத எடுத்துட்டுப் போங்க" என்றார் நசீர் நானா.

மரக்காலையில் பலாப் பலகை வாங்கினேன். கைவாளும் சீவுளியும் பக்கத்து வீட்டில் இரவல். முற்றத்தில் வேலை தொடங்கியது. மல்லிகா வாசித்தாள், நான் அறுத்தேன். நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, பலகையின் ஒரு முனையில் இரண்டு கையாலும் அழுத்திக்கொள்வாள். ஒரு இம்மி அசையாது.

பத்திரிகை சொன்ன உயரத்தை அவள் ஏற்கவில்லை. "அதுக்கு என் முழங்கால் எங்க தெரியும்?" என்று தன் நாற்காலியின் கைப்பிடியை அளந்து, அதற்கு மேலே கொஞ்சம் விட்டு, பென்சிலால் கோடு போட்டாள்.

போயாவுக்கு முதல் நாள் மேசை முடிந்தது. உள்ளே தூக்கி வைத்தோம். தொட்டதும் ஆடியது! சாதாரண ஆட்டமா? அடுப்பை ஏற்றினால் குழம்பு தரையில்தான். கையிலிருந்த வாளை வீசிவிடலாம் போல இருந்தது.

"இருங்க... அந்தப் பக்கம் இருக்குல்ல?" என்றாள். குரலில் பழைய டீச்சர்.

வாசித்தாள். ஆடுகிற காலின் கீழே காட்போர்ட் மட்டைத் துண்டுகளைச் சொருகி மேசையை நேராக நிறுத்தச் சொன்னாள். பிறகு ஒரு சிறு கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, நாலு காலையும் சுற்றித் தரையோடு இழுத்துக் கோடு போடச் சொன்னாள். அந்தக் கோட்டில் அறுத்தால், தரை எப்படி வளைந்திருக்கிறதோ கால்களும் அப்படியே அமருமாம். எங்கள் பழைய குவாட்டர்ஸ் தரையின் மேடு பள்ளம் அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது.

அறுத்தேன். நிமிர்த்தினேன். மல்லிகா நாற்காலியை உருட்டி வந்தாள். முழங்கால் இரண்டும் மேசைக்கு அடியில் தாராளமாகப் போயின. இரண்டு கையையும் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள்.

மேசை மலை போல நின்றது.

கேஸ் அடுப்பை ஏற்றி வைத்தேன். சாமான்களைச் சுற்றி அடுக்கினேன். எண்ணெய் சூடானது.

"அந்தக் கடுகு டப்பாவ எடுத்துக் குடுங்க..." என்று கையை நீட்டியவள், நீட்டிய கையாலேயே டப்பாவைப் பிடித்துவிட்டாள். ஒரு கணம் அதையே பார்த்தாள்.

"வேணாங்க. எட்டுது."

கடுகை அள்ளி எண்ணெயில் போட்டாள். கடுகு வெடித்தது. எங்கள் வீட்டில் அன்று அதுதான் பட்டாசு!

மறுநாள் அண்ணன் வேனோடு வந்து இறங்கினார். பெட்டி எங்கே என்று தேடினார். மல்லிகா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"வாங்க அண்ணே! பெட்டி ஒண்ணும் கட்டல. கை கழுவிட்டு உட்காருங்க, ரொட்டி சூடா இருக்கு."

அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். மாவு அப்பிய கையோடு தங்கை. கட்டச் சம்பல் ஒரு பக்கம், கல்லில் ரொட்டி ஒரு பக்கம். மேசையை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். அது அசைந்தால்தானே! ரொட்டி மேல் ரொட்டியாகச் சாப்பிட்டார். வெறும் வேனை ஓட்டிக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு திரும்பிப் போனார்.

வீட்டை அழகாகக் காட்டுகிற பத்திரிகைகள் ஆயிரம் இருக்கின்றன. நம் வீட்டில் இருக்கிற ஆளையும், நம் கையில் இருக்கிற வாளையும், நாம் செய்யப் போகிற பிழையையும் நினைத்து எழுதியது எது என்று பாருங்கள். அதை வாங்குங்கள். அட்டை கிடக்கட்டும்!

அந்தப் பத்திரிகை இன்னும் வந்தால் சந்தா கட்டலாமா என்று மல்லிகா இப்போது கேட்கிறாள்... அடுத்தது குளியலறைக் கதவாம். எனக்கு முதுகு வலிக்கிறது!