சம்பந்தி வீட்டு ரீடயல்

பெர்னார்ட் அத்தான் கைகுலுக்கும்போது ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. பிடித்த கையை மெல்லத் திருப்பி, மணிக்கட்டில் என்ன கடிகாரம் என்று பார்க்கிறார். தேவாலயத்து ஞாயிறு பூசையில் பக்கத்து வரிசைக்காரர் "சமாதானம்" என்று கையை நீட்டினால், அத்தான் "டயல் நல்லாருக்கே!" என்கிறார். என் அக்கா புருஷன் ஆயிற்றே, என்ன செய்ய? நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அவர்களுடைய தெம்பனிஸ் வீட்டுத் துணி அலமாரியில் பாதி அவருடைய பழைய குரோனோகிராஃப் கைக்கடிகாரங்களுக்கு. பெரிய டயலுக்குள் குட்டி டயல்கள், பக்கவாட்டில் அழுத்த இரண்டு பொத்தான்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். "ஒரே மாதிரியா? மச்சான், போய்க் கண்ண செக் பண்ணு லா!" என்று இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் ஆறு மணிக்குக் கீழே 'ஸ்விஸ்' என்ற எழுத்து விளிம்பை ஒட்டி இருக்கிறதாம், மற்றதில் மயிரிழை தள்ளி இருக்கிறதாம். "இது ஃபர்ஸ்ட் பிரிண்ட், அது செகண்ட். தெரியலையா?" தெரியவில்லை. பசிதான் தெரிந்தது. அக்கா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தே போனாள். இத்தனைக்கும் மணி என்ன என்று கேட்டால் இந்த மனிதர் கைப்பேசியைப் பார்க்கிறார்!

பூசை முடிந்ததும் தேக்கா உணவங்காடியில் இவரைப் போன்றவர்கள் கூடுகிறார்கள். கடிகாரத்தைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். டயலில் பிற்காலத்தில் யாராவது புது வண்ணம் அடித்திருந்தால் அதற்கு 'ரீடயல்' என்று பெயர். சேகரிப்பவர்களுக்கு அது தீண்டத் தகாத சரக்கு. கண்டுபிடித்தவர் அங்கேயே சொல்லிவிட வேண்டும், மறைத்தால் துரோகம். ஒருமுறை அத்தான் அப்படிச் சொன்னதற்கு, கடிகாரத்துக்குச் சொந்தக்காரரான கோவிந்தசாமி நன்றி சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தார். அது அந்த மேசையின் நாகரிகம்.

அதே நாகரிகத்தை மகள் லொரைனின் நிச்சயதார்த்தத்துக்கும் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கேலப், காலமான அப்பாவின் குரோனோகிராஃபைக் கட்டி வந்திருந்தான். பளீரென்ற மயில்கழுத்து நிற டயல். மோதிரம் மாற்றும் நேரத்தில் அத்தான் அவன் கையைப் பிடித்துப் பூதக்கண்ணாடியை எடுத்தார். "ரீடயல் லா, தம்பி. எவனோ பெயிண்ட் அடிச்சு உங்கப்பாவ நல்லா ஏமாத்திட்டான்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"யாரும் ஏமாத்தல," என்றார் கேலபின் அம்மா. "தண்ணி உள்ள போயி டயல் கறுத்துடுச்சு. அவர்தான் அடிக்கக் குடுத்தாரு." மோதிரத் தட்டை மூடினார். "மோதிரம் அப்புறம் பாத்துக்கலாம்."

"உண்மையத்தானே சொன்னேன், மச்சான்?" என்று வீட்டுக்கு வந்தும் கேட்டுக்கொண்டே இருந்தார். உண்மையை யார் கேட்டது? கத்திவிட்டேன். லொரைன் கத்தவில்லை. "அப்பா, அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் ஐ'ம் நாட் டாக்கிங் டு யூ," என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மனிதருக்கு உறைத்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் பூன் லேயில் இருக்கும் கேலப் வீட்டுக்குப் புறப்பட்டார், துணைக்கு நான். ரயிலில் எதிரே நின்றவரின் மணிக்கட்டை நோக்கிக் குனிந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

கேலபின் அம்மா அந்தக் கடிகாரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நல்லாப் பாருங்க. இன்னும் என்னென்ன குறையோ, இன்னிக்கே சொல்லிடுங்க."

அத்தான் வெறும் கண்ணால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இன்னொரு குண்டைத் தூக்கிப் போடப் போகிறாரோ என்று பயந்து நான் ஆண்டவரை வேண்டிக்கொண்டேன்.

"தப்பா பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. ஆனா இந்தக் கலரு... எந்த டயல்லயும் நான் பாத்ததில்ல. எங்கேருந்து புடிச்சாரு?"

அந்த அம்மாள் டயலின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "என் கல்யாணச் சேலையில ஒரு நூலு உருவி, கடைக்கு எடுத்துட்டுப் போனாரு. இதே கலர்ல அடிச்சுத் தாங்கன்னு."

அத்தான் கேலபைக் கிட்டே கூப்பிட்டார். கடிகாரத்தை அவன் கையில் தாமே கட்டி, வாரைப் பூட்டினார். பிறகு, டயல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, அவனுடைய சட்டைக் கையை இரண்டு மடிப்பு மேலே மடித்துவிட்டார்.