ஷாமளாவுக்கு லீவு கிடைக்கவில்லை

என் தம்பி மகேஸ்வரன் ஜொகூர் மாநிலத்தின் உலு திராமில் ஒரு பலகைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வயது முப்பத்தெட்டு. அதிகம் பேசமாட்டான். பேசினாலும் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் பார்ப்பான். எங்கள் அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். கல்யாணமான பிறகும் விடவில்லை. பண்டார் தெங்காராவில் இருந்துகொண்டு, அவன் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்றுகூடப் போனில் முடிவு செய்வேன். அவன் என் பேச்சைத் தட்டமாட்டான். ஒரு தடவையாவது தட்டியிருக்கலாம்.

போன ஜூன் மாதம் அவன் மனைவி ஷாமளா கொசு பரப்பும் டிங்கி காய்ச்சலில் ஐந்தே நாளில் இறந்துபோனாள். பிள்ளைகள் இரண்டு பேர். லோஷினிக்கு ஆறு வயது, ரூபேந்திரனுக்கு நாலு. ஷாமளாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே பிள்ளைகளை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் பயந்துவிடும், கடைசியாக முகம் காட்ட வேண்டாம் என்று சொன்னவள் நான். அம்மா எங்கே என்று அவர்கள் கேட்டபோது, சிங்கப்பூரில் வேலை செய்கிறாள் என்று சொன்னவளும் நான்தான். கொஞ்சம் வளரட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மகேஸ் தலையாட்டினான்.

பொய்யைக்கூட ஊர் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறெங்காவது என்றால் வெளிநாடு என்ற வார்த்தைக்கே பிள்ளைகள் அடங்கிப்போகும். ஜொகூரில் சிங்கப்பூர் என்பது பாலத்துக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். மகேஸ் குடியிருக்கும் தாமானில் வீட்டுக்கு ஒருவர் விடியுமுன் அங்கே போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர். ஷாமளாவும் அப்படித்தான் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். அதனால் பிள்ளைகளை மகேஸ் வீட்டில் கொண்டுவந்து விட்டதும் லோஷினி கேட்ட முதல் கேள்வியே, அம்மா ஏன் சாயங்கால பஸ்ஸில் வரவில்லை என்பதுதான்.

இப்போது வேறு தொழிற்சாலை, ரொம்ப தூரம், அங்கேயே தங்கிவிட்டாள் என்றேன். அப்படியானால் தினமும் சிங்கப்பூர் போய்வரும் பக்கத்து வீட்டு கென்னத் அங்கிளின் மோட்டார் சைக்கிளில் ஏறி வரலாமே என்றான் ரூபன். இடம் போதாது என்றேன். அம்மா ஒல்லிதான் என்றான். போன் ஏன் செய்யவில்லை என்று லோஷினி கேட்டாள். தண்ணீரில் விழுந்துவிட்டது என்றேன். அன்றைக்கே அவள் தன் விளையாட்டுப் போனைக் கொண்டுபோய், அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி கென்னத்திடம் நீட்டினாள்.

கென்னத் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற மனிதர். அவரையும் நாங்கள் பொய்யில் கூட்டுச் சேர்த்தோம். சனிக்கிழமைதோறும் அம்மா கொடுத்ததாகச் சொல்லி ஒரு சாக்லேட் கொண்டுவருவார். பிள்ளைகளும் பதிலுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவார்கள். படம் வரைந்த தாள், தலையில் குத்தும் கிளிப், பாதி கடித்த கறிபாப். லோஷினிக்கு முன்பல் விழுந்தபோது அதையும் டிஷ்யூவில் மடித்துக் கொடுத்தாள். கறிபாப்பைத் தவிர எதையும் தூக்கிப்போட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. மோட்டார் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கவில்லை. துக்க வருஷம். பிள்ளைகளிடம் அதைச் சொல்ல முடியுமா? அம்மாவுக்கு முதலாளி லீவு கொடுக்கவில்லை, வந்ததும் கொண்டாடலாம் என்றேன். அதற்குப் பிறகு சிங்கப்பூர் நம்பர் பிளேட் வைத்த காரைக் கண்டால் போதும், ரூபன் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டுவான். எங்கம்மாவுக்கு லீவு கொடுங்கள் என்று தமிழில் சண்டை போடுவான். ஒரு சீனத்து அம்மாள் ஒன்றும் புரியாமல் ஓகே ஓகே என்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதைச் சொல்லி நான் சிரித்தேன். மகேஸும் சிரித்தான். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போனவன் அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

மாலை போட்ட படத்தை வீட்டில் மாட்ட வழியில்லை. துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பிள்ளைகள் தூங்கியதும் திறந்து ஊதுபத்தி காட்டுவான். அவன் சட்டைகளெல்லாம் சாமி அறைபோல் மணத்தன. ஒருநாள் என்னிடம், கென்னத் சாக்லேட்டோடு வரும்போது தனக்கும் வாசலுக்கு ஓட வேண்டும்போல் இருக்கிறது என்றான். எனக்குப் பயமாகிவிட்டது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லிவிடு என்று சொல்லவில்லை.

டிசம்பரில் பள்ளி விடுமுறைக்கு நான் அங்கே போய்த் தங்கியிருந்தேன். ஒருநாள் வேலைக்குப் போன கென்னத் மதியமே திரும்பிவிட்டார். முகம் வெளுத்திருந்தது. சோதனைச் சாவடியில் அவரை ஓரமாக நிறுத்தி, சீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பல், விளையாட்டுப் போன், படங்கள், அவற்றில் ஒன்றில் சுற்றியபடி ஒரு பெண்ணின் பாஸ்போர்ட். யாருடையது என்று கேட்டார்கள். இறந்துபோனவருடையது என்று இவர் உண்மையைச் சொன்னார். அதன் பிறகு மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள்.

ரூபனைக் கேட்டேன். அவன் பெருமையோடு சொன்னான்: "அம்மா பாஸ்போர்ட்ட மறந்துட்டுப் போய்ட்டாங்க அத்த. அதான் அவங்களால வர முடியல. நானும் அக்காவும் அங்கிள் பெட்டியில வச்சிட்டோம்."

லோஷினியை ஒன்றாம் ஆண்டில் சேர்க்க மகேஸ் பிறப்புப் பத்திரத்தைத் தேடியிருக்கிறான். ஷாமளாவின் பாஸ்போர்ட்டும் இருந்த அந்தப் பிஸ்கட் டின்னை மூட மறந்துவிட்டான். பாஸ்போர்ட் இல்லாமல் பாலத்தைத் தாண்ட முடியாது என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாதா?

கென்னத் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே என்னால முடியாது மகேஸ். அந்தப் புள்ள பல்லக் குடுத்தப்பவே நான் சொல்லியிருக்கணும் லா" என்றார்.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அம்மா புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள் என்று சொல்லிவிடலாம் என்றேன். மகேஸ் என்னைப் பார்த்தான். "போதும்க்கா" என்றான். அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னிடம் அவன் சொன்ன முதல் மறுப்பு அது.

பிள்ளைகளைச் சோபாவில் உட்காரவைத்துத் தரையில் உட்கார்ந்தான். பக்குவமாகப் பேசவெல்லாம் அவனுக்கு வராது. அம்மா சிங்கப்பூரில் இல்லை, காய்ச்சல் வந்து செத்துப்போய்விட்டாள், இனிமேல் வரமாட்டாள் என்று சொன்னான். இந்தத் தடவை பாதியில் நிறுத்தவில்லை. நான் லோஷினி கத்தப்போகிறாள் என்று அவளைப் பிடிக்கத் தயாராக நின்றேன்.

அவள் கத்தவில்லை. அப்பாவைக் கேட்டாள்.

"அப்ப நான் அன்னிக்கு ஷூ போட மாட்டேன்னு அழுததுக்கு அம்மா கோவிச்சுக்கிட்டுப் போகலையாப்பா?"

இல்லை என்றான் மகேஸ். அவள் என் பக்கம் திரும்பி அதையே கேட்டாள். இல்லையென்று நானும் தலையை அசைத்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். ஆறு மாதமாக அந்தப் பிள்ளை இதைத்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டு சாக்லேட் தின்றிருக்கிறது. தாய் செத்துப்போனாள் என்று கேட்டு ஒரு குழந்தை நிம்மதியடையும்படி வைத்திருந்தேனே, பாவி.

சாயங்காலம் அவள் அப்பா மடியில் படுத்து அழுதாள். பிறகு எழுந்து தட்டில் வைத்த சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். ரூபனும் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, நாளைக்கு அம்மா வந்துவிடுவாளா என்று கேட்டான்.

மகேஸ் வாயைத் திறந்தான். நான் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, ரூபனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மா செத்துப்போய்விட்டாள், இனிமேல் வரமாட்டாள் என்று நானே சொன்னேன்.