பன்னிரண்டு நாற்காலித் தலைமை அலுவலகம்

சாவிக்காரம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் துடைப்பம், வாயில் ஓயாத முணுமுணுப்பு. மூன்றாவது மாடியில் ஒரு கம்பெனிக்குக் கூட்டுவது, துடைப்பது, பூட்டுவது எல்லாம் அவள்தான். பதினொரு வருஷமாகத் தற்காலிக வேலை.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய கம்பெனிதான். நாற்பது நாட்டில் பற்பசை விற்கிறது. சாவிக்காரம்மா காலையில் பல் தேய்ப்பதும் அதே பற்பசையில்தான். அப்பேர்ப்பட்ட கம்பெனியின் தலைமை அலுவலகம் எப்படி இருக்கும் என்கிறீர்கள்? ஒரே ஒரு அறை. ஒரு நீள மேசை, பன்னிரண்டு நாற்காலி, கதவில் ஒரு பித்தளைப் பலகை. வருஷத்துக்கு ஒருநாள் கோட்டுப் போட்ட நாலு பேர் விமானத்தில் வந்து இறங்குவார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, காபியைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவ்வளவுதான். நாற்பது நாட்டு லாபமும் அந்த அறையில்தான் விளைகிறதாம்! வெளிநாட்டு லாபத்துக்கு இந்தத் தீவில் வரி கிடையாது, அதனால். அதே தெருவில் முடிவெட்டுகிற அவள் புருஷன் சவரக்கத்தி வாங்கினாலும் வரி, கடையைத் திறந்தாலும் வரி. ஆகா, என்ன நியாயம்!

ஆபீஸ் மின் இணைப்புகூட அவள் பேரில்தான். உள்ளூர் ஆள் பேரில் இருந்தால் சுலபம் என்று, வெளிநாட்டிலிருந்து போனிலேயே நடத்துகிற மேனேஜர் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே வாங்கிக் கொடுத்துவிட்டார். பில் பணத்தை மட்டும் மாதாமாதம் அனுப்புவார்.

கடைசியில் அந்த நாடுகள் விழித்துக்கொண்டன. "எங்க ஊர்ல வித்த லாபத்துக்கு எங்ககிட்ட வரி கட்டு" என்று சண்டைக்கு வந்தன. "முடிவெல்லாம் இங்கேதான் எடுக்கிறோம், பன்னிரண்டு பேர் தினமும் வேலை பார்க்கிறார்கள்" என்று கம்பெனி வாய் கூசாமல் எழுதிக் கொடுத்தது. தொல்லை தாங்காமல் உள்ளூர் வரி ஆபீஸ் நேரில் பார்க்க ஓர் அதிகாரியை அனுப்பியது.

முந்தின நாளே மேனேஜர் போன் போட்டார். "அம்மா, எல்லாரும் மீட்டிங் போயிருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க. இது நல்லபடியா முடிஞ்சா அடுத்த மாசமே உங்க வேலை நிரந்தரம்."

நிரந்தரம்! அன்றைக்கு அவளுக்குச் சோறே இறங்கவில்லை. நாற்காலிகளை இரண்டு தடவை துடைத்தாள்.

வந்த அதிகாரி ஒரு பெண். "எல்லாரும் எங்கம்மா?"

"மீட்டிங் போயிருக்காங்க மேடம்."

அதிகாரி சுற்றும்முற்றும் பார்த்தாள். "கரண்ட் பில் இருக்கா?"

சாவிக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. தன் பேரில் இருக்கிற இணைப்பாயிற்றே, தான் கரண்ட்டைத் திருடிவிட்டதாகச் சந்தேகப்படுகிறார்கள் என்றே நினைத்துவிட்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதினொரு வருஷத்து பில்லையும் கட்டோடு எடுத்து மேசையில் போட்டாள்.

"பாருங்க மேடம், ஒரு யூனிட் வீணாக்கினதில்ல. வருஷத்துல ஒருநாள்தான் ஏசி. மத்த நாள் ஜன்னலைத் திறந்து வெச்சே கூட்டிடுவேன். மாசம் ஏழு யூனிட்!"

"பன்னிரண்டு பேருக்கு ஏழு யூனிட்டா?" என்றாள் அதிகாரி. கட்டை அப்படியே பையில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் இவளுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

சாயங்காலம் மேனேஜர் கத்தினார். "உங்களை யாரும்மா மிச்சம் பிடிக்கச் சொன்னது? லைட்டைப் போட்டு வெச்சா என்ன குறைஞ்சுபோகும்?"

"பன்னிரண்டு பேர் இருந்திருந்தா அவங்களே போட்டிருப்பாங்க சார்," என்று சொல்லி போனை வைத்தாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பதினொரு வருஷத்தில் அதில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

அரசாங்கங்கள் கமிட்டி போட்டன, கூடிப் பேசின, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்தன. கம்பெனியோ ஒரே ஒரு ஆளை ஸ்க்ரூடிரைவரோடு அனுப்பியது. நாலு திருகாணி, பித்தளைப் பலகை கையோடு வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் நாற்பது நாட்டு லாபமும் வேறு ஏதோ தீவுக்குக் குடிபோய்விட்டது. வந்த ஆள் அவளிடமிருந்து சாவியையும் வாங்கிக்கொண்டான். நிரந்தரமாவது மண்ணாவது!

அடுத்த மாதம் ஆபீஸின் கடைசி பில் வீட்டுக்கு வந்தது, அவள் பேரில். மேனேஜர் நம்பர் உபயோகத்தில் இல்லையாம். கட்டாவிட்டால் வீட்டுக்கும் கரண்ட்டைப் பிடுங்கிவிடுவார்கள். மின் ஆபீசில் வரிசையில் நின்றாள்.

"ஏழு யூனிட்டும் அதுக்கு வரியும். மூணு நாள் லேட்டு, அபராதம் தனி," என்றார் கவுண்டர்க்காரர்.

"ஏன் சார், நானும் வேற தீவுக்குப் போறேன்னு எழுதிக் குடுத்தா அந்த வரியை விட்டுடுவீங்களா?"

"பின்னாடி ஆள் நிக்குது, சட்டுனு கட்டும்மா."

கட்டினாள்.