கோ. பிள்ளை

அத்தை வீட்டுக் கூடத்தில், திருஇருதயப் படத்துக்கும் மாதக் காலண்டருக்கும் நடுவே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம் தொங்கும். கடலூர்ப் பக்கத்துப் பழைய பங்குக் கோயில் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எப்போதோ யாரோ பார்த்தெழுதிக் கொடுத்த நகல். தகப்பன் பெயர் என்ற இடத்தில் ‘சவரிமுத்து, கோ. பிள்ளை’ என்றிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த எங்கள் முப்பாட்டனாரின் தகப்பனார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் அத்தையிடம் கேட்டேன், ‘கோ’ என்றால் என்னவென்று. “இனிஷியல். கோன்னா ராஜான்னும் ஒரு அர்த்தம் இருக்கு” என்றார். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது ‘கோ’ அல்ல, அதற்கு அடுத்த சொல்.

அத்தையை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்பாவின் அக்கா அவர். பெற்றோர் போன பிறகு அப்பாவைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பியவர். நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரே பிளாக்கின் வீடுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வாசல், ஒரே ஜன்னல். அதற்குள்ளும் அத்தை மேடு பள்ளம் கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்கு வருகிறவர்களில் யாருக்கு சோபா, யாருக்கு வராந்தா ஸ்டூல் என்பது கேட் திறக்கும் சத்தத்திலேயே முடிவாகிவிடும். என் அம்மாவுக்கு சோபா உண்டு, ஆனால் ஓரத்தில். “உங்கம்மா வூட்டு ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல” என்று என்னிடம் சொல்வார், அம்மாவின் காதில் விழும்படி. அம்மா பதில் சொன்னதில்லை. அந்தப் பதில்களையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

நான் சுரங்கத்தில் சர்வே பிரிவில் இருக்கிறேன். வெட்டிய சரிவுகளை அளந்து வரைபடமாக்குவது வேலை. கன்வேயர் பெல்ட் பிரிவில் கான்ட்ராக்ட்டில் இருந்தவரைத் திருமணம் செய்ய விரும்புவதாக வீட்டில் சொன்னேன். காடாம்புலியூர்ப் பக்கம், எங்களைப் போலவே கத்தோலிக்கர். சாதி வேறு. அத்தை எங்கள் வீடு தேடி வந்தார். உட்காரவில்லை.

“கான்ட்ராக்ட்டுன்னாகூட பொறுத்துக்குவேன். காலனிப் பையன். சவரிமுத்துப் பிள்ளை வம்சத்துப் பொண்ணு காலனிக்குப் போவுமா? ஓலை வாசிக்கட்டும். நான் கோயில்லயே எழுந்து நிக்கிறேன்.”

எங்களில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்களின் பெயரை வாசிப்பார்கள். அதுதான் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் அப்போது சாமியாரிடம் சொல்ல வேண்டும். சாதி அந்தத் தடைகளில் சேராது. அது அத்தைக்கும் தெரியும். ஆனால் அவர் எழுந்து நின்றாலே அப்பாவுக்குப் போதும். “அக்கா சம்மதிச்சா எனக்கு ஒண்ணுமில்லம்மா” என்றார் அப்பா, டிவியைப் பார்த்தபடி.

அந்தக் காகிதத்தை அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். எந்த அளவீட்டையும் ஒரே புள்ளியிலிருந்து எடுத்தால் நம்பமாட்டோம். நோட்டில் பட்டியல் போட்டேன்: ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு, அடக்கப் பதிவு, சவரிமுத்துவுடையது, மனைவியுடையது, பிள்ளைகளுடையது. சனிக்கிழமைகளில் குறிஞ்சிப்பாடி வழியாக பஸ் பிடித்து அந்தப் பங்குக்குப் போனேன். சாமியார் நல்லவர், பதிவேட்டுக்கு முன் கையைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். தலைப்புகள் லத்தீனில், உள்ளே பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். எழுதியவர் மை தொட்ட கையோடு அவசரப்பட்டிருக்கிறார், எதையும் முழுதாக எழுதவில்லை. மூன்றாவது சனிக்கிழமை அடக்கப் பதிவேடு இருந்த பீரோ திறக்கவில்லை. சாமியார் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

“யோவ் கோயில்பிள்ளை! பீரோ சாவி எங்கய்யா?”

மணிக்கூண்டுப் பக்கமிருந்து நரைத்த ஒருவர் கையில் துடைப்பத்தோடு வந்தார். “தோ, இடுப்புலதான் வச்சிகினு இருக்கேன் சாமி. அறுவது வயசாவுது, இன்னும் பிள்ள பிள்ளன்னே கூப்புடுறீங்க. எங்க வூட்டுல கேட்டா சிரிக்கிறா.”

மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கோயிலைப் பெருக்கி, குழி வெட்ட ஆள் கூப்பிடுகிறவர் கோயில்பிள்ளை. பிறந்ததிலிருந்து கேட்ட சொல். திறந்து கிடந்த ஞானஸ்நானப் பதிவேட்டின் அந்த வரிக்குத் திரும்பினேன். கோ. பிள்ளை.

அடக்கப் பதிவேட்டில் அந்த அவசரக்காரர் ஒரே ஒரு முறை முழுதாக எழுதியிருந்தார்: ‘சவரிமுத்து, சுண்ணாம்பு சுடுகிறவன், இந்தக் கோயிற்பிள்ளை.’ கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு விற்றிருக்கிறார். கோயிலுக்கு வெள்ளையடித்திருக்கிறார். மூத்த மகனும் அதே தொழில், மருமகன் படகு ஒழுகாமல் கீல் பூசுகிறவன். பட்டியல் நிறைந்துகொண்டே வந்தது. அவருடைய பிள்ளைகளில் மூவர் ஒரே மழைக்காலத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். மூன்று முறையும் சாவு மணியை அடித்தவர் அவராகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த வரிகளில் நான் நிற்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

படமெடுத்து, பெரிதாக அச்செடுத்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தாளாக வைத்து விளக்கினேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசுவது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தேதான் அப்படிப் பேசினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“எழுதினவன் வெள்ளக்காரன். அவனுக்கு என்ன தெரியும்?”

“அவர் எழுதினதைத்தான் நீங்க ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கீங்க.”

“கோயிலுக்குள்ள பிள்ளையா இருந்தவரு வெளிய வந்தா இல்லாமப் போயிடுவாரா?” பிறகு அம்மாவைச் சொன்னார்: “அவ வயித்துல பொறந்தது வேற எப்படிப் பேசும்!”

திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: “சுண்ணாம்பு சுட்டவங்கதானா நாம? அப்ப இதுல என்ன இருக்கு. ஓலைக்குப் பேரு குடுத்துடும்மா.” அவர் குரலில் இருந்த நிம்மதி என்னையும் தொற்றிக்கொண்டது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து கேண்டீன் வாசலில், நான் மணக்க விரும்பியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். தாள்களை வாங்கி அடுக்கி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“உங்க தாத்தா சுண்ணாம்பு சுட்டாரு. அதனால நான் ஓகே ஆயிட்டேன். அப்படித்தானே?”

“அத்தை வாயை அடைக்கத்தான்...”

“பிள்ளைன்னே இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப? உன் லிஸ்ட்ல அதுக்கு ஒரு வரி போட்டியா?”

போடவில்லை. இருக்கிற வரிகளையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன், எங்குமில்லை.

“எங்க வூட்டுக்கு எறங்கி வர்றதுக்கு மூணு வாரமா சர்டிபிகேட் தேடிகினு இருந்திருக்க. ஓலைக்குப் பேரு குடுக்க வேணாம்.” ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார். அவர் என்மீது கோபப்பட்டது அதுவே முதல் முறை.

அத்தையை வெல்வதற்காக நான் அத்தையின் அளவுகோலையே கையில் எடுத்திருந்தேன். அளந்தது மட்டும்தான் துல்லியம். அத்தைமீது எப்போதும் இருந்ததைவிட அதிக வெறுப்போடு அன்று மாலை மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். அதில் பெரும்பங்கு என்மீதுதான். அப்பாவும் அங்கே இருந்தார், அக்காவைச் சமாதானப்படுத்திக்கொண்டு.

“அத்தை, நேத்து நான் காட்டினதை மறந்துடுங்க. நாம பிள்ளைங்கன்னே வச்சுக்கலாம். வம்சம், ராஜா, எல்லாம் நீங்க சொன்னபடியே. நான் அவரைத்தான் கட்டிக்கப் போறேன். எழுந்து நிக்கிறதுன்னா நில்லுங்க.”

அப்பாவின் முகம் மாறியது. “அக்கா சம்மதிக்க ஒரு வழி கிடைச்சுதேன்னு...”

“அந்த வழி வேணாம்ப்பா. நீங்க வந்தா வாங்க.”

அத்தை எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் படியிறங்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. கதவு என் குதிகாலில் இடித்தது. இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

அன்று தெருமுனையில் நின்று, நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறை எடுத்தார். அத்தையிடம் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

“உங்கப்பா?”

“தெரியல. வரலாம், வராமலும் போகலாம்.”

“உங்கத்தை?”

“கதவைச் சாத்திட்டாங்க.”

பிறகு கேட்டார்: “நாளைக்கு உனக்கு என்ன ஷிப்ட்? காலைல உங்க பங்குச் சாமியாரு எத்தன மணிக்கு இருப்பாரு?”